தொடாமல் வாசித்த கிளாரா

நாதஸ்வரத்துக்கு மூச்சு வேண்டும். மிருதங்கத்தைத் தட்ட வேண்டும். வீணையை மீட்ட வேண்டும். ஜலதரங்கக்காரர்கூடக் கிண்ணத்தைக் குச்சியால் தொட்டுத்தான் ஆக வேண்டும். எதையுமே தொடாமல், வெறும் காற்றில் கையை நீட்டி ஒரு கச்சேரியை நடத்திவிட முடியும் என்றால் யார் நம்புவார்கள்?

1934-ம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து டவுன் ஹாலில் அப்படி ஒரு கச்சேரி நடந்தது. வாசித்தவர் கிளாரா ராக்மோர் என்ற 23 வயது மாது. வாத்தியமோ ஒரு மரப்பெட்டி. அதிலிருந்து நேராக எழும்பி நிற்கும் ஓர் உலோகக் கம்பி. இன்னொரு பக்கத்தில் வளைந்த ஒரு வளையம். அவ்வளவுதான். தந்தி இல்லை, துளை இல்லை, கட்டை இல்லை. வலக்கை கம்பியின் அருகே, இடக்கை வளையத்துக்கு மேலே. ஒலிபெருக்கியிலிருந்து மனிதக் குரலும் வயலினும் கலந்தாற்போன்ற ஒரு நாதம் வந்தது.

பெட்டியின் பெயர் தெரமின். இன்று சினிமாவிலும் கச்சேரி மேடையிலும் ஒலிக்கும் மின்னணு இசைக்கு மூத்த தாய்களில் இதுவும் ஒன்று. அதைச் செய்தவர் ஒரு ருஷ்ய விஞ்ஞானி. அதற்கு மரியாதை சம்பாதித்துக் கொடுத்தவர் இந்தக் கிளாரா. பெட்டியைப் பற்றிப் பலரும் எழுதியாகிவிட்டது. இந்தப் பெண் அந்தப் பெட்டிக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவளாகத் தேடிப் போகவில்லை; பசிதான் கொண்டு வந்து விட்டது.

வில் பிடித்த குழந்தை

1911-ம் வருஷம் வில்னா நகரத்தில் பிறந்தவள் கிளாரா ரைஸன்பர்க். அன்று அது ஜார் சக்கரவர்த்தியின் ருஷ்யாவைச் சேர்ந்தது; இன்று வில்னியஸ் என்ற பெயரோடு லிதுவேனியாவின் தலைநகரம். யூதக் குடும்பம். அக்காள் நாடியா பியானோவில் கெட்டிக்காரி. தங்கைக்கு வயலின். இதே ஊரில் பிறந்தவர்தான் உலகப் புகழ் பெற்ற வயலின் மேதை ஹைபெட்ஸ் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மண்ணில் என்னவோ இருக்கிறது!

நாலைந்து வயதிலேயே கிளாராவைப் பீட்டர்ஸ்பர்க் சங்கீதக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே அவ்வளவு சிறு வயதில் வயலின் மாணவியாகச் சேர்ந்தவர் வேறு யாரும் இல்லை. அங்கிருந்த பெரிய ஆசிரியர் லியோபோல்டு அவுர். ஹைபெட்ஸுக்கும் அவரே குரு. குழந்தைக்கு இன்னொரு வரமும் இருந்தது. எந்த ஸ்வரத்தைக் கேட்டாலும், வேறு சுருதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமலே இன்னதென்று சொல்லிவிடும் காது அது.

1917-ல் புரட்சி வந்தது. பின்னாலேயே உள்நாட்டு யுத்தமும் பஞ்சமும் வந்தன. பீட்டர்ஸ்பர்க்கில் ரொட்டிக்கு வரிசை; விறகுக்கு வரிசை. வளர வேண்டிய வயதில் கிளாராவின் வயிற்றுக்குப் போதிய ஆகாரம் கிடைக்கவில்லை. குடும்பம் மறுபடி வில்னாவுக்கு நகர்ந்தது. பிறகு வார்ஸா. 1921-ல் ஒருவழியாக அனுமதிச் சீட்டுக் கிடைத்து அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். கிளாராவுக்குப் பத்து வயது.

புது தேசத்தில் தைரியம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. அவுரும் ருஷ்யாவை விட்டு அமெரிக்காவுக்கே வந்துவிட்டிருந்தார். அறுந்த பாடத்தை மறுபடி தொடங்கினாள். இனி வயலின் மேடைதான் வாழ்க்கை என்று எல்லோரும் நினைத்திருந்த சமயத்தில் கை மக்கர் செய்தது. வில் பிடிக்கும் வலக்கைதான். குழந்தைப் பருவத்துப் பட்டினி எலும்பைப் பலவீனமாக்கியிருந்தது. நரம்பும் தசையும் ஓயாத சாதகத்தைத் தாங்கவில்லை. இருபது வயது ஆவதற்குள் வயலினைப் பெட்டியில் வைத்து மூட வேண்டியதாயிற்று.

கடல் தாண்டி வந்து பிழைத்துக்கொள்ளலாம். பட்டினி கிடந்த எலும்பை மட்டும் துறைமுகத்தில் விட்டுவிட்டு வர முடியாது, பாருங்கள்!

ரேடியோ போட்ட ஊளை

இங்கே ருஷ்ய விஞ்ஞானியைக் கொஞ்சம் கவனிப்போம். லியோன் தெரமின் 1896-ல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். பௌதிகம் படித்தவர், செல்லோ வாசிக்கத் தெரிந்தவர். 1920-ல் ஆராய்ச்சிக்கூடத்தில் வாயுக்களின் மின்குணத்தை அளக்க ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். கையை அருகே கொண்டுபோனால் கருவியின் ஒலி ஏறியது, விலக்கினால் இறங்கியது. வேறொருவராக இருந்தால் இது ஒரு தொல்லை என்று ஒதுக்கியிருப்பார். இவர் சங்கீதக்காரர் அல்லவா? கையை அசைத்து ஒரு பாட்டையே வாசித்துப் பார்த்தார்.

பழைய வால்வு ரேடியோவைத் திருப்பி நிலையம் தேடியவர்களுக்கு அந்த 'கூ' என்ற ஊளை நினைவிருக்கும். தெரமின் பெட்டியின் ரகசியமும் அதுவே. உள்ளே இரண்டு மின் அலைகள் ஓடுகின்றன. இரண்டும் காதுக்கு எட்டாத வேகத்தில் அதிர்பவை. ஒன்று விநாடிக்கு 1,70,000 தடவை அதிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று 1,70,440 தடவை. இரண்டையும் கலந்தால், வித்தியாசமாகிய 440 மட்டும் காதில் ஒரு ஸ்வரமாக விழும். முதல் அலை மாறாது. இரண்டாவது அலை வெளியே நிற்கும் கம்பியோடு சம்பந்தப்பட்டது. மனித உடம்பு மின்சாரத்தைக் கடத்துவதால், கம்பிக்கும் கைக்கும் நடுவில் உள்ள காற்று ஒரு கண்டென்சராக வேலை செய்கிறது. கை ஓர் அங்குலம் நகர்ந்தால் வித்தியாசம் மாறும், ஸ்வரமும் மாறும். கம்பியை நெருங்க நெருங்க மேல் ஸ்தாயி. இடக்கை வளையத்தை நெருங்கினால் ஒலி அடங்கும், உயர்த்தினால் பெருகும்.

1922-ல் லெனின் இதைப் பார்த்து, தாமே கையை நீட்டி வாசித்துப் பார்த்தார். ஐரோப்பிய நகரங்களில் வேடிக்கை காட்டிவிட்டு, 1927 டிசம்பரில் தெரமின் நியூயார்க் வந்து இறங்கினார். 1928-ல் அமெரிக்கக் காப்புரிமை. அடுத்த வருஷம் ஆர்.ஸி.ஏ. கம்பெனி உற்பத்தியைக் கையில் எடுத்தது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று விளம்பரம் செய்தார்கள். விலை 175 டாலர். வால்வுக்கும் ஒலிபெருக்கிக்கும் தனிச் செலவு. அந்த அக்டோபரிலேயே பங்கு மார்க்கெட் சரிந்தது. அது ஒரு காரணம். மற்றொரு காரணம், வாங்கிப் பார்த்தவர்களுக்கு உண்மை தெரிந்துபோனது. யார் வேண்டுமானாலும் ஊளையிட வைக்கலாம்; ராகம் வாசிப்பது வேறு! சுமார் 500 பெட்டிகளோடு உற்பத்தி நின்றது.

பிறந்தநாள் கேக்

வில்லைக் கீழே வைத்த கிளாராவும் பெட்டியைத் தூக்கி வந்த தெரமினும் நியூயார்க்கில் சந்தித்தது இப்படிப்பட்ட காலத்தில்தான். இருவருக்கும் ஒரே பாஷை, ஒரே பழைய ஊர். கிளாரா பெட்டியின் முன் நின்று கையை நீட்டினாள். வில் வேண்டாம். அழுத்தம் வேண்டாம். நோயுற்ற கைக்குப் பாரமே இல்லை. வேண்டியதெல்லாம் காது. அது அவளிடம் ஏராளமாக இருந்தது.

தெரமினுக்கு வாத்தியக்காரி கிடைத்தாள், மனமும் பறிபோயிற்று. கிளாராவின் 18-வது பிறந்தநாளுக்கு அவர் ஒரு கேக் செய்து கொடுத்தார். அவள் கிட்டே வந்ததும் அது தானாகச் சுழன்றது, விளக்கு எரிந்தது. விஞ்ஞானியின் காதல் கடிதம் வேறு எப்படி இருக்கும்? ஒரு தடவை அல்ல, பல தடவை மணந்துகொள்ளும்படி கேட்டார். கிளாரா சம்மதிக்கவில்லை. 1933-ல் ராபர்ட் ராக்மோர் என்ற வக்கீலை மணந்துகொண்டார். ஆனால் நட்பு முறியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தம்மை வேண்டாம் என்று சொன்ன பெண்ணுக்காகத்தான் தெரமின் தம் ஆயுளிலேயே மிகச் சிறந்த பெட்டியைச் செய்து கொடுத்தார்.

கம்பெனிப் பெட்டியில் மூன்று ஸ்தாயி சுமாராக வரும். கிளாரா ஐந்து கேட்டார். ஒலியைச் சட்டென்று நிறுத்தி மறுபடி எழுப்ப வேண்டும் என்று கேட்டார். சபைக்குத் தம் முகம் மறைகிறது, பெட்டியைத் தணித்துக் கொடுங்கள் என்றும் கேட்டார். எல்லாம் நடந்தது. புதிதாகப் பிறந்த ஒரு வாத்தியத்தை, வாசிக்கிறவரே பக்கத்தில் நின்று திருத்தி வளர்த்தார்.

வாசிப்பிலும் அவர் வழி தனி. தெரமினில் கையை நகர்த்தினால் ஒரு ஸ்வரத்திலிருந்து மறு ஸ்வரத்துக்கு ஒலி வழுக்கிக்கொண்டுதான் போகும். ஜாரு நமக்கு அழகு. மேல்நாட்டு சங்கீதத்தில் எடுத்ததற்கெல்லாம் வழுக்கினால் முகம் சுளிப்பார்கள். கிளாரா கையை நிறுத்தி, விரல்களை மட்டும் மடக்கி விரித்து ஸ்வரம் மாற்றினார். மடங்கிய விரல் ஒரு ஸ்வரம். கொஞ்சம் விரிந்தால் அடுத்தது. முழுக்க நீண்டால் அதற்கும் மேலே. வழுக்கல் கேட்கக்கூடாத இடத்தில் இடக்கை ஒரு கணம் தாழ்ந்து ஒலியை மறைத்துவிடும். வீணைக்கு மெட்டு உண்டு. வயலினுக்கு மெட்டு இல்லாவிட்டாலும் விரலுக்கு அடியில் பலகையாவது உண்டு. இங்கே அந்தரம்! உடம்பு சற்றுச் சாய்ந்தாலும் சுருதி கெடும். ஆகவே வாசிக்கும்போது சிலைபோல நிற்க வேண்டும். முகத்திலே பாவம் காட்டலாம், தலையை ஆட்டக்கூடாது. தாளத்துக்குத் தலையாட்டிப் பழகிய நம்மவர்களுக்கு இது பெரிய தண்டனை.

டவுன் ஹால் கச்சேரிக்குப் பின் ராக்மோர் அம்மையாரின் பெயர் பரவியது. உலகம் போற்றிய கறுப்பினப் பாடகர் பால் ரோப்ஸனோடு சேர்ந்து அமெரிக்கா முழுவதும் சுற்றி வந்தார். 1945-ல் ஸ்டொகோவ்ஸ்கி என்ற பெரிய வாத்தியகோஷ்டி நடத்துநரின் கீழ், தெரமினுக்கென்றே ஃபுலைஹான் இயற்றிய உருப்படியை வாசித்தார்.

அதே 1945-ல் ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' படம் வெளிவந்தது. அதில் மனக் குழப்பக் காட்சிகளுக்குத் தெரமின் ஊளையிட்டது. வாசித்தவர் ஸாமுவேல் ஹாப்மன் என்பவர். கால் வைத்தியம் அவர் தொழில். அதன் பிறகு பேய் வந்தாலும் தெரமின், செவ்வாய்க் கிரகத்து ஆள் வந்தாலும் தெரமின் என்று ஹாலிவுட்டில் ஆகிவிட்டது. கிளாராவுக்கு இந்த வேலை பிடிக்கவே இல்லை. பேய்ச் சத்தத்துக்குத் தம் வாத்தியத்தைக் கொடுக்க மாட்டார். இது வீண் கர்வம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. சினிமாவில் புகுந்திருந்தால் பணமும் பெயரும் பத்து மடங்கு வந்திருக்கும். ஆனால் ஒருமுறை வாத்தியத்தை இழந்தவருக்கு இரண்டாவது வாத்தியம் கேலிக்கு ஆளாவதைப் பார்க்க மனம் வருமா? எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

திரும்பிப் போன கப்பல்

இதற்குள் தெரமின் கதை எங்கோ போய்விட்டது. லவீனியா வில்லியம்ஸ் என்ற கறுப்பின நாட்டியக்காரியை அவர் மணந்துகொண்டிருந்தார். அந்தக் கால அமெரிக்காவில் அது லேசான காரியம் அல்ல. வந்து போய்க்கொண்டிருந்த பெரிய இடத்து நண்பர்கள் பலர் வாசற்படி மிதிப்பதை நிறுத்தினார்கள். கடன் வேறு கழுத்தை நெரித்தது. 1938-ல் ஒரு சோவியத் கப்பலில் ஏறினார். மனைவி கூடப் போகவில்லை. ரகசியப் போலீசார் பிடித்துப் போனார்கள் என்றே வெகு காலம் பேச்சு. தாமாகவே திரும்பியதாக முதுமையில் அவர் சொன்னார். எப்படியானாலும் கணவனும் மனைவியும் மறுபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. லவீனியா பிற்பாடு ஹெய்ட்டித் தீவுக்குப் போய் நாட்டியம் சொல்லிக் கொடுத்து, 1989-ல் அங்கேயே காலமானார்.

தாய்நாடு தெரமினை வரவேற்ற விதத்தைக் கேளுங்கள். 1939-ல் கைது. எட்டு வருஷத் தண்டனை. கொலிமா என்ற கொடும் பனிப்பிரதேசத்து முகாம். பிறகு விஞ்ஞானிகளை அடைத்து வேலை வாங்கும் தனிச் சிறைக்கு மாற்றினார்கள். ஆகாய விமான நிபுணர் டுப்போலெவும், பின்னாளில் ருஷ்யாவின் முதல் விண்வெளிக் கப்பல்களை அனுப்பிய கொரொலெவும் அப்படிப்பட்ட சிறைவாசிகளே.

சிறைப்பட்ட சங்கீதக்காரரிடம் சர்க்கார் கேட்டது சங்கீதம் அல்ல, ஒட்டுக்கேட்கும் கருவி. 1945 ஆகஸ்டில் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் மாஸ்கோவிலிருந்த அமெரிக்க ஸ்தானிகருக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க இலச்சினை ஒன்றைப் பரிசளித்தார்கள். அவர் அதைத் தம் மாளிகைச் சுவரில் மாட்டினார். உள்ளே தெரமினின் கைவேலை இருந்தது. மின்கலம் கிடையாது, மின்கம்பி கிடையாது. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால் அறையில் பேசுவதைச் சொல்லும். கண்டுபிடித்தது 1952-ல். ஏழு வருஷம் அந்த மரக் கழுகு காதைத் தீட்டிக்கொண்டிருந்தது! 1947-ல் தெரமினுக்கு விடுதலையும் ஸ்டாலின் பரிசும் கிடைத்தன.

அமெரிக்காவில் அவர் செத்துப் போனதாகவே நினைத்தார்கள். 1962-ல் கிளாரா மாஸ்கோ போனபோது, இருவரும் பிறர் கண்ணில் படாமல் சந்தித்துக்கொண்டார்கள். வெளிநாட்டாரோடு பழகினால் விபரீதம் வரும் காலம் அது. 1967-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை நிருபர் மாஸ்கோ சங்கீதக் கல்லூரியில் தெரமினைக் கண்டு எழுதிவிட்டார். உயிரோடிருக்கிறார் என்ற நல்ல சேதி அமெரிக்காவுக்குப் போயிற்று. தெரமினுக்குக் கல்லூரியில் இருந்த இடம் போயிற்று.

66 வயதில் இசைத்தட்டு

கணவர் 1963-ல் காலமானார். மேடைக் கச்சேரிகளும் குறைந்துவிட்டிருந்தன. ஆனால் பெட்டியின் வம்சம் வேறு பக்கத்தில் தழைத்துக்கொண்டிருந்தது. ராபர்ட் மூக் என்ற பையன் 14 வயதில் தானே ஒரு தெரமின் செய்து பார்த்தான். கல்லூரி நாளில் தெரமின் பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்றான். 1964-ல் அவன் செய்த சிந்தசைசர்தான் உலக சங்கீதத்தின் ஒலியையே மாற்றியது. அந்த மூக், கிளாராவைத் தேடி வந்தார். முப்பது நாற்பது வருஷமாக மேடையில் வாசித்த ஒருவருக்கு ஒழுங்கான ஓர் இசைத்தட்டு இல்லையே என்று அவருக்கு ஆதங்கம். அவர் முயற்சியால் 1977-ல் தட்டு வெளிவந்தது. பியானோ வாசித்தவர் அக்காள் நாடியா. வில்னாவில் ஒரே கூரையின் கீழ்ப் பாடம் கேட்ட இரண்டு குழந்தைகள்! ஸென்ஸான்ஸின் 'அன்னம்', ராக்மனினாப்பின் 'வோக்கலீஸ்' இரண்டும் அதில் உண்டு. நாடியா 1983-ல் மறைந்தார்.

1991-ல் தெரமினுக்கு மறுபடி அமெரிக்கா வர அனுமதி கிடைத்தது. வயது 95. 53 வருஷத்துக்குப் பிறகு நியூயார்க் வீதியில் நடந்தார். கிளாராவின் வீட்டுக்குப் போனார். அவருக்கு 80 வயது. அந்தச் சந்திப்பை ஸ்டீவன் மார்ட்டின் தம் படத்தில் பிடித்து வைத்திருக்கிறார். பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே பெரிய வசனம் ஒன்றும் இல்லை. இரண்டு கிழவர்கள், ஒரு பெட்டி.

1993-ல் மாஸ்கோவில் தெரமின் காலமானார். 1998 மே 10-ந் தேதி நியூயார்க்கில் கிளாரா மறைந்தார், 87 வயது. தெரமினின் உறவுப் பெண் லிதியா காவினா, சிறு வயதில் அவரிடமே பயின்று இன்று பல தேசங்களில் கச்சேரி செய்கிறார். கிளாராவின் விரல் முறை புத்தகமாகவும் வந்திருக்கிறது. ஆனால் அந்த முறையைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் அவருடைய பழைய படங்களைப் பார்ப்பதே மேல். தலை அசையாது, தோள் அசையாது. வில்லைப் பிடிக்க முடியாமல் போன அந்த வலக்கை, கம்பிக்கு ஓர் அடி தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தில் ஒவ்வொரு விரலாக விரிகிறது.